பூச்சியைக் கொல்லும் வாசனை: வயலுக்கா, குதிருக்கா?

பூச்சிக்கு மூக்கு கிடையாது. ஆனால் வாசனை தெரியும். தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உணர்கொம்புகளே அதற்கு மூக்கு. இரை எங்கே இருக்கிறது, துணை எங்கே இருக்கிறது, முட்டையிட ஏற்ற செடி எது என்பதையெல்லாம் அந்தக் கொம்புகளால்தான் அது தெரிந்துகொள்கிறது.

இந்த ரகசியத்தை விஞ்ஞானிகள் ஆராய்ந்து சொல்வதற்கு முன்பே, தமிழ்நாட்டுப் பெண்கள் அதைப் பயன்படுத்தி வந்தார்கள். பருப்புப் பானையில் வசம்புத் துண்டைப் போட்டார்கள். நெல் குதிரில் நொச்சி இலையையும் வேப்பிலையையும் பரப்பினார்கள். சுவடி நூலகங்களில், ஏடுகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க இன்றும் புல் தைலம் தடவுகிறார்கள்.

இப்பொழுது அந்த வாசனையை வயலுக்கும் கொண்டுபோக வேண்டும் என்ற பேச்சு பலமாக எழுந்திருக்கிறது. கிராம்பு எண்ணெய், ஓம எண்ணெய், எலுமிச்சைப் புல் எண்ணெய், யூகலிப்டஸ் தைலம் ஆகியவற்றைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் போதும். பூச்சியும் ஒழியும், மண்ணும் கெடாது என்று இதை ஆதரிப்பவர்கள் கூறுகிறார்கள்.

ஆசை நல்லதுதான். ஆனால் ஆசை மட்டும் விளைச்சலைக் காப்பாற்றிவிடாது. இந்த எண்ணெய்களால் எது முடியும், எது முடியாது என்பதை விவசாயிக்கு ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், நல்ல பொருளும் கெட்ட பெயர் வாங்கும்.

விஷம் வந்த கதை

மாற்று வழி தேட வேண்டிய அவசியம் உண்டா? நிச்சயமாக உண்டு.

டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டறிந்த சுவிட்சர்லாந்து விஞ்ஞானி பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு கிடைத்தது. மலேரியாவை ஒழிக்க அது உதவியதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 1962-ல் அமெரிக்கப் பெண் விஞ்ஞானி ரேச்சல் கார்சன் 'மௌன வசந்தம்' என்ற புத்தகத்தை எழுதினார். அதே டி.டி.டி. பறவைகளின் உடலிலும் மீன்களின் உடலிலும் சேர்ந்து அவற்றை அழிப்பதை அவர் உலகத்துக்கு எடுத்துக் காட்டினார்.

நம் நாட்டில் நடந்தவை இன்னும் கொடியவை. 1984 டிசம்பரில் போபாலில் விஷ வாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அந்தத் தொழிற்சாலை தயாரித்தது பூச்சிக்கொல்லி மருந்து. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்கள் மீது ஆகாயத்திலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் ஊனங்களைக் கண்டு நாடே கலங்கியது. 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த மருந்துக்குத் தடை விதித்தது. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்து தெளித்தபோது விஷம் ஏறி விவசாயிகளும் கூலியாட்களுமாக இருபது பேருக்கு மேல் இறந்தார்கள்.

மருந்து தெளிப்பவன் பெரும்பாலும் நிலத்துக்குச் சொந்தக்காரன் அல்ல. தினக் கூலிக்கு வந்தவன். கையுறை இல்லை, முகமூடி இல்லை. காற்று எதிரே அடித்தால் மருந்து அவன் முகத்தில்தான் படியும். விஷம் குறைந்த மருந்து ஒன்று கிடைக்குமானால், முதல் நன்மை அவனுக்கே.

இரண்டு வகை எண்ணெய்

பொதுவாக எண்ணெய் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பார்கள். அப்படியல்ல.

நல்லெண்ணெய், கடலை எண்ணெய், வேப்பெண்ணெய் ஆகியவை விதையைச் செக்கில் ஆட்டி எடுப்பவை. ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டால் கறை அப்படியே நிற்கும். இவை ஆவியாவதில்லை.

கிராம்பு, ஓமம், எலுமிச்சைப் புல், யூகலிப்டஸ் இலை முதலியவற்றிலிருந்து வருபவை வேறு. இவற்றை நீராவியில் காய்ச்சி வடித்து எடுக்கிறார்கள். காகிதத்தில் விட்டால் கொஞ்ச நேரத்தில் கறை பெரும்பாலும் மறைந்துவிடும். வாசனைதான் அறை முழுவதும் பரவும். இவைதாம் வாசனை எண்ணெய்கள்.

கிராம்பு எண்ணெயில் யூஜினால், ஓமத்தில் தைமால், யூகலிப்டஸ் தைலத்தில் சினியோல், எலுமிச்சைப் புல்லில் சிட்ரால். இவை செடி தனக்காகத் தயாரித்துக்கொண்ட ஆயுதங்கள். செடியால் ஓட முடியாது, கையை ஓங்க முடியாது. தன்னைத் தின்ன வருகிற பூச்சியை வாசனையால் விரட்டுகிறது.

எப்படிக் கொல்கிறது?

பூச்சியின் உடலுக்கு மேலே மெழுகு போன்ற ஒரு பூச்சு உண்டு. உடம்பில் உள்ள தண்ணீர் வற்றாமல் அது காக்கிறது. வாசனை எண்ணெய் அந்த மெழுகில் சுலபமாகக் கரைந்து உள்ளே போகிறது. பூச்சியின் பக்கவாட்டில் மூச்சு விடுவதற்குச் சிறு துளைகள் இருக்கின்றன. எண்ணெயின் ஆவி அந்த வழியாகவும் நுழைகிறது.

உள்ளே போனதும் நரம்புகளைத் தாக்குகிறது. மனிதனுக்கு அட்ரினலின் எப்படியோ, பூச்சிக்கு ஆக்டோபமைன் என்ற பொருள் அப்படி. யூஜினால் போன்ற சில பொருள்கள் இந்த ஆக்டோபமைனின் வேலையைக் குழப்பிவிடுவதாகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. பூச்சி முதலில் துடிக்கிறது. பிறகு தள்ளாடி விழுகிறது. மனிதன் முதலான முதுகெலும்புள்ள பிராணிகளின் உடலில் ஆக்டோபமைனுக்கு அவ்வளவு வேலை கிடையாது. எனவே, பூச்சிக்கு எமனாகும் அளவு மனிதனுக்கு அதே தீங்கைச் செய்வதில்லை.

அமெரிக்க அரசாங்கம் 1996-ல் கிராம்பு, எலுமிச்சைப் புல், சிட்ரோனெல்லா, புதினா வகை, ரோஸ்மேரி ஆகியவற்றின் எண்ணெய்களை அபாயம் குறைந்த பூச்சி மருந்துகள் என்று பட்டியலிட்டது. மற்ற மருந்துகளுக்கு வேண்டிய நீண்ட பதிவு முறையிலிருந்தும் விலக்கு அளித்தது. வாசனை எண்ணெய்களின் சக்தி கட்டுக்கதை அல்ல என்பதற்கு இவ்வளவு போதும்.

நானூறு கிலோ புல்

அப்படியானால் வயலில் தெளிக்க வேண்டியதுதானே? இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு ஏக்கர் பயிருக்குக் கைத்தெளிப்பானால் மருந்தடிக்கச் சுமார் 200 லிட்டர் தண்ணீர் வேண்டும். நூற்றுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று வைத்துக்கொண்டாலும் 2 லிட்டர் வாசனை எண்ணெய் ஆகும். 100 கிலோ எலுமிச்சைப் புல்லைக் காய்ச்சினால் அரை கிலோ எண்ணெய் கிடைப்பதே பெரிது. ஆகவே, ஒரே ஒரு தடவை ஒரு ஏக்கருக்குத் தெளிக்க ஏறக்குறைய 400 கிலோ புல் வேண்டும். அதைக் காய்ச்ச விறகு வேண்டும், கூலி வேண்டும்.

இவ்வளவு செலவு செய்து தெளித்த எண்ணெய் எத்தனை நாள் நிற்கும்? வெயிலும் காற்றும் சேர்ந்து ஒன்றிரண்டு நாளில் அதைக் கொண்டுபோய்விடும். வீரியம் சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கிவிடும். மூன்றாம் நாள் பக்கத்து வயலிலிருந்து பூச்சி வந்தால் அதைத் தடுக்க ஒன்றும் இராது.

மேலும், இந்த எண்ணெய்களை வாங்க வேறு பணக்காரர்கள் காத்திருக்கிறார்கள். சோப்பு, சென்ட், பற்பசை, மிட்டாய் தயாரிப்பவர்கள் எல்லோருக்கும் அவை வேண்டும். அவர்களோடு விலையில் போட்டி போட நெல் விவசாயியால் முடியுமா?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அளவு கொஞ்சம் கூடினால் இலை கருகிவிடும். கிராம்பு எண்ணெயைக் களைக்கொல்லியாகவே அமெரிக்காவில் விற்கிறார்கள். பூச்சியைக் கொல்வதற்கும் பயிரைக் கருக்குவதற்கும் நடுவே உள்ள இடைவெளி சில எண்ணெய்களில் மிகவும் குறுகல்.

வயலில் இவற்றுக்கு வேலையே இல்லை என்று இதற்கு அர்த்தமல்ல. காய்கறித் தோட்டத்திலும், பசுமைக்குடிலிலும், அசுவினி, வெள்ளை ஈ போன்ற மெல்லுடல் பூச்சிகளுக்கு இவை உதவும். ஐரோப்பாவில் ஆரஞ்சுத் தோல் எண்ணெயை வெள்ளை ஈக்கு எதிராகத் தெளிக்கிறார்கள். அறுவடைக்குச் சில நாள் முன்பு ரசாயன மருந்து அடிக்கக் கூடாத சமயத்திலும் கைகொடுக்கும். ஆனால் நூறு ஏக்கர் பருத்தியில் காய்ப்புழு விழுந்துவிட்ட பிறகு, இதை நம்பிக்கொண்டிருக்க முடியாது. முடியும் என்று யாராவது விவசாயியிடம் சொன்னால், அது அவன் தலையில் கல்லைப் போடுவதாகும்.

மூடிய இடம்

சீக்கிரம் ஆவியாகிவிடுவது வயலில் பெரிய குறை. மூடிய இடத்தில் அதே குணம்தான் பெரிய பலம். ஆவி வெளியே போக வழி இல்லை. மூலை முடுக்கெல்லாம் அதுவே போய்ப் பூச்சியைத் தேடிப் பிடிக்கும்.

தேனீ வளர்ப்பவர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். தேனீக்களைப் பிடித்து அழிக்கும் வாரோவா என்ற உண்ணி மேல்நாடுகளில் பெரும் நாசம் செய்தது. பெட்டிக்குள் ரசாயன மருந்தைப் போட்டார்கள். உண்ணி அதைத் தாங்கப் பழகிக்கொண்டது. இன்று ஓமத்தில் உள்ள அதே தைமாலைப் பல நாடுகளில் பெட்டிக்குள் வைக்கிறார்கள். அதன் ஆவி, தேனீயை விட்டுவிட்டு உண்ணியைக் கொல்கிறது. பெட்டி மூடியிருப்பதாலும், அளவு தெரிந்திருப்பதாலும் இது சாத்தியமாயிற்று.

விவசாயியின் வீட்டிலும் ஒரு மூடிய பெட்டி உண்டு. அதுதான் தானியக் குதிர், விதைப் பானை, பருப்பு டிரம்.

உளுந்தையும் பச்சைப் பயறையும் அழிக்கும் பயறு வண்டு, வயலில் காய் முற்றும்போதே முட்டையிட்டுவிடுகிறது. முட்டையோடு பயறு வீட்டுக்கு வருகிறது. புழு விதைக்குள்ளே குடைந்து தின்று வளர்கிறது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் வட்டமாகத் துளை போட்டுக்கொண்டு வண்டு வெளியே வருகிறது. அது மறுபடியும் முட்டையிடுகிறது. நாலைந்து மாதத்தில் மூட்டை முழுவதும் ஓட்டையும் மாவும்தான் மிஞ்சும். அடுத்த பட்டத்துக்கு விதையும் இல்லை.

இதற்கு இப்பொழுது என்ன செய்கிறார்கள்? பெரிய கிடங்குகளில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வைத்து மூடுகிறார்கள். ஈரக் காற்றுப் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்புகிறது. பூச்சியைக் கொல்வதில் அதற்கு நிகரில்லை. ஆனால் அது ஆளையும் கொல்லும். பயிற்சி பெற்றவர்களே கையாள வேண்டிய இந்த மாத்திரை வீடுகளில் புகுந்து எத்தனையோ குடும்பங்களை அழித்திருக்கிறது. நம் நாட்டுக் கிடங்குகளில் அந்த வாயுவையும் தாங்கும் வண்டுகள் தோன்றிவிட்டதாக ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். இன்னொரு வாயுவான மீதைல் புரோமைடு ஆகாயத்தின் ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், உலக ஒப்பந்தத்தின்படி ஏற்றுமதிச் சோதனை போன்ற சில காரியங்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டுவிட்டது.

ஆகவே, சிறிய விவசாயியின் குதிருக்கும் கிராமத்து விதைக் கிடங்குக்கும் ஏற்ற, ஆளைக் கொல்லாத ஒரு மருந்து இன்று தேவை. வாசனை எண்ணெய்க்கு உரிய முதல் இடம் இதுவே.

அதிலும் விதையிலிருந்து தொடங்குவது நல்லது. காரணம் எளிது. சாப்பிடும் அரிசியில் யூகலிப்டஸ் வாசனை ஏறினால் யாரும் தின்ன மாட்டார்கள். விதைக்கு அந்தக் கவலை இல்லை. விதையின் அளவும் குறைவு. எண்ணெய்ச் செலவும் குறைவு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில எண்ணெய்களின் ஆவி விதையின் முளைப்புத் திறனையும் குறைத்துவிடும். எந்த விதைக்கு எந்த எண்ணெய், எத்தனை நாள் என்பதைச் சோதித்தே தீர வேண்டும். விதைக்குள் குடைந்திருக்கும் புழுவை ஆவி எட்டுவதும் கடினம். முதலில் நன்றாக வெயிலில் காயவைத்துவிட்டு, பிறகே மூட வேண்டும்.

இயற்கை என்றால் நல்லதா?

'இயற்கைப் பொருள், ஆகையால் ஆபத்தில்லை' என்ற விளம்பரத்தை நம்பிவிடக் கூடாது. புகையிலையில் உள்ள நிகோடின் இயற்கைப் பொருள்தான். ஒரு காலத்தில் பூச்சி மருந்தாகத் தெளித்தார்கள். அது மனிதனையும் கொல்லும் கொடிய விஷம்.

பிள்ளை வளர்ப்பான் என்று தாய்மார்கள் கொண்டாடும் வசம்பையே எடுத்துக்கொள்ளலாம். தானியப் பூச்சிகளுக்கு எதிராக அதன் எண்ணெய் மிக வீரியமானது. ஆனால் அதில் உள்ள அசரோன் என்ற பொருள் சோதனைச்சாலை எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், 1968-ல் அமெரிக்கா உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தது. நம் நாட்டு வசம்பில் இந்தப் பொருள் அதிகம். ஆகவே, வசம்பு எண்ணெய் விதைப் பயறுக்கு ஆகும் என்றாலும், சமையல் பருப்புக்கு ஆகாது.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது பழமொழி. அந்த அளவை யார் சொல்வது? அதுதான் இன்று இல்லாத குறை.

வேம்பு கற்பித்த பாடம்

1959-ல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிப் படை ஒன்று பச்சையெல்லாம் தின்று தீர்த்தது. வேப்பமரத்தை மட்டும் அது தொடவில்லை. இதைக் கண்ட ஜெர்மன் விஞ்ஞானி ஷ்முட்டரர், வேம்பை ஆராயத் தொடங்கினார். 1968-ல் இங்கிலாந்தில் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள்.

நம் நாட்டில் வேம்பின் குணம் தெரியாத பாட்டி கிடையாது. ஆனால் வேப்ப மருந்து கடையில் நம்பிக்கையோடு விற்பனையானது எப்பொழுது? புட்டியின் மேல் அசாடிராக்டின் எத்தனை பங்கு இருக்கிறது என்று அச்சிட்ட பிறகுதான். அளவு தெரிந்தது, பலன் நிச்சயமாயிற்று.

இன்னொரு பாடமும் உண்டு. பூஞ்சை நோய்க்கு வேப்பெண்ணெயைப் பயன்படுத்தும் முறைக்கு, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கும் அமெரிக்க விவசாய இலாகாவுக்கும் உரிமை கொடுத்தது. வந்தனா சிவா முதலியவர்கள் எதிர்த்து வழக்காடினார்கள். 2000-ல் அந்த உரிமை ரத்தாயிற்று. 2005-ல் அப்பீலும் தள்ளுபடியாயிற்று. அனுபவத்தில் தெரிந்ததை அளந்து எழுதி வைக்காவிட்டால், வேறொருவர் அதை எழுதித் தன் சொத்து என்பார்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, விவசாயப் பல்கலைக்கழகமும் ஆராய்ச்சி நிலையங்களும் தமிழ்நாட்டு விதைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சோதனை செய்ய வேண்டும். உளுந்துக்கு எந்த எண்ணெய், நெல்லுக்கு எது, ஒரு குவிண்டால் விதைக்கு எத்தனை மில்லி லிட்டர், முளைப்பு எவ்வளவு என்று ஒரே தாளில் அச்சிட்டுக் கிராமந்தோறும் கொடுக்க வேண்டும். சோதனைச்சாலைக் கண்ணாடிக் குப்பியில் பத்து வண்டுகள் செத்தன என்ற கட்டுரை விவசாயிக்கு உதவாது. தானியம் நிறைந்த குதிரில் என்ன நடக்கிறது என்பதே அவனுக்கு வேண்டும். தானியம் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே வெறும் குப்பியின் கணக்கு அங்கே செல்லாது.

இரண்டாவது, தரக் கட்டுப்பாடு வேண்டும். ஒரே செடியின் எண்ணெய், மண்ணுக்கும் பருவத்துக்கும் தகுந்தபடி மாறும். நம் நாட்டின் 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, பதிவு செய்யாத மருந்தைப் பூச்சிக்கொல்லி என்று விற்கக் கூடாது. அதைத் தப்பிப்பதற்காக 'பயிர் ஊக்கி' என்று சீட்டு ஒட்டிக் கடைக்கு வரும் சரக்குகள் உண்டு. 'இயற்கை மருந்து' என்ற பெயரில் ரசாயன விஷத்தைக் கலந்து விற்பவர்களும் உண்டு. நல்ல எண்ணெய்க்குப் பதிவு கிடைப்பதைச் சுலபமாக்க வேண்டும்; போலிக்குத் தண்டனையைக் கடுமையாக்க வேண்டும். எந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்பது புட்டியின் மேல் தமிழில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, தயாரிப்பு உள்ளூரிலேயே நடக்க வேண்டும். நீலகிரியில் யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சித் தைலம் எடுப்பது பழகிய குடிசைத் தொழில். மத்திய விஞ்ஞான ஆராய்ச்சிக் கழகம் வாசனைப் பயிர்களைப் பரப்ப ஓர் இயக்கமே நடத்துகிறது. புல்லுக்குத் தண்ணீர் கொஞ்சம் போதும். ஆடு மாடு சாதாரணமாக அதைக் கடிக்காது. கரம்பு நிலத்தில் அதை வளர்த்து, கூட்டுறவு முறையில் காய்ச்சினால், அந்த ஊர் விதைக் கிடங்குக்கு வேண்டிய எண்ணெய் அந்த ஊரிலேயே கிடைக்கும். மிச்சத்தை சோப்புக் கம்பெனி வாங்கிக்கொள்ளும்.

வாசனை எண்ணெய் எல்லாப் பூச்சிக்கும் மருந்து என்பவர்களும் தவறு செய்கிறார்கள். அது வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்குபவர்களும் தவறு செய்கிறார்கள். பாட்டி அதை வயலில் தெளிக்கவில்லை. பானையில் போட்டு வாயைத் துணியால் இறுகக் கட்டினாள். எத்தனை சொட்டு, எத்தனை நாள் என்பதை மட்டும் அவள் எழுதி வைக்கவில்லை. அதை எழுதித் தருவது, சோதனைச்சாலை வைத்திருப்பவர்களின் கடமை.